தோற்ற அணியின் வரலாற்றை ஏன் கற்பிக்கிறோம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகக் கால்பந்து அணி 1956ஆம் ஆண்டில் அடைந்த தோல்விகளைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். வென்ற அணிகள் எத்தனையோ இருக்க, தோற்ற அணியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவானேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே விடை எழுதுகிறேன்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தில், இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரை ஒட்டியுள்ள அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பெயர் உண்டு. 1940களில் மட்டும் 4 முறை தேசிய வாகை சூடிய அந்த அணி, 1956இல் ஆடிய 10 ஆட்டங்களில் 8இல் தோற்றது. ஓக்லஹோமா அணி சவுத் பெண்டுக்கே வந்து 40–0 என்று வீழ்த்திச் சென்றது. அயோவாவிடம் 48–8 என்று தோற்றது. பயிற்சியாளர் டெரி பிரென்னனுக்கு அப்போது வயது 28.

அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரான பால் ஹார்னங், பந்தை எறிவதிலும் ஏந்தி ஓடுவதிலும் புள்ளி சேர்ப்பதிலும் அணியில் முதல்வராக இருந்தார். தாக்குவோரே தற்காக்கவும் வேண்டியிருந்த காலம் அது என்பதால், எதிரணியினரை மடக்கிப் பிடிக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்கே கிடைத்தது. வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த அணியிலிருந்து அதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. முதலிட வாக்குகள் ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கே அதிகம் என்பதும், சிரக்யூஸ் அணியின் ஜிம் பிரவுன் 5ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டதும் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. பிரவுனுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும், தோற்ற அணி என்பதற்காக ஹார்னங்கின் உழைப்பை ஒதுக்காமல் பார்த்த வாக்காளர்களை மதிக்கிறேன்.

மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் பெரிதும் விரும்புவது அடுத்த ஆண்டைத்தான். ஹார்னங் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். பிரென்னனைப் பல்கலைக்கழகம் விலக்கவில்லை. 40–0 என்று தோற்ற பிள்ளைகளில் பலர் அணியில் தொடர்ந்தார்கள். 1957 நவம்பர் 16 அன்று, தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றிருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த ஊரான நார்மனில் 7–0 என்று வென்றார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நோட்டர் டேமின் டிக் லிஞ்ச் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து எடுத்த ஒரே டச் டவுன் அதைத் தீர்மானித்தது.

பொறுத்தவருக்கெல்லாம் பரிசு கிடைக்கும் என்று நாங்கள் சொல்லித்தரவில்லை. 1958இல் 6 வெற்றி, 4 தோல்வி என்று முடித்த பிரென்னன், அவ்வாண்டு டிசம்பரிலேயே பதவி நீக்கப்பட்டார். அது அநீதி என்றே நான் கருதுகிறேன். அதையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிகளுக்கிடையிலான போட்டி முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, எத்தனை புள்ளி என்பதற்கு முன்னால், எந்த இடத்தில் நின்று என்ன ஆடினான், ஆடினாள் என்று கேளுங்கள். தோற்ற அணியில் இருக்கும் பிள்ளையை அடுத்த பருவத்தில் விளையாட்டிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஹெய்ஸ்மன் கோப்பை யாருக்கு உரியது என்று மாணவர்கள் வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விவாதிக்கவுள்ளார்கள். வர இயலும் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்