குரங்குக் கூட்டத்தைப் பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும் என்று கோரும் மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். ஓட்டைப் பிரித்து இறங்கிய குரங்கிடம் ஒரு மாதத்து அரிசியைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் அவர்களுடைய எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் நான் கையெழுத்திடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் கூண்டு வைத்தபோது நான்கைந்து குரங்குகளே அகப்பட்டன. வண்டி போன பின்பும், காது கிழிந்த கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று, காலை வெயிலில் தனக்குப் பேன் பார்க்கும் இளைய குரங்கோடு வழக்கமாக உட்காரும் அதே தகரக் கூரையில் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்திருந்தது. அது துக்கம்தான் என்று அடித்துச் சொல்ல நான் விலங்கியல் படித்தவன் அல்லன்.

ஆயினும் படித்தவர்கள் சொல்வது இதற்கு அருகில்தான் வருகிறது. நம் மலைக் குரங்குகளில் ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விட, பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் இருப்பதால், தாய், மகள், சகோதரி என்ற உறவுகளே கூட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. பேன் பார்ப்பது அந்த உறவைப் புதுப்பிக்கும் வழியுமாகும். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பற்றி 16 ஆண்டுகள் திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, மற்றவற்றோடு அதிகம் ஒட்டிப் பழகிய தாய்களின் குட்டிகளே கூடுதலாகப் பிழைத்தன. பபூன் வேறினம்தான், ஆனால் நம்மூர்க் குரங்குக்கு நெருங்கிய சொந்தம்.

இப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து சிலவற்றை மட்டும் பிடித்து, வேறொரு கூட்டத்தின் எல்லைக்குள் விட்டால், அவை அங்கும் ஒட்டாமல் மறுபடி சாலையோரத்துக்கே வந்து சேரும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திச் சிப்ஸும் பழமும் நீட்டுவோரையும், மூடியில்லாத குப்பைத் தொட்டிகளையும் விட்டுவிட்டுக் குரங்கை மட்டும் குற்றவாளியாக்குவது எவ்வகை நியாயமோ தெரியவில்லை.

நகராட்சி முதலில் தொட்டிகளுக்கு அழுத்தமான மூடி போட வேண்டும். அதன் பிறகும் பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு கூட்டத்தைப் பாதியாகப் பிரித்துப் பிடிப்பதை மட்டும் வனத்துறை அனுமதிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.