ஆமோஸ் கண்டித்தது ஆடம்பரத்தை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். பண்டைய வட இஸ்ரவேல் அரசின் தலைநகரான சமாரியாவின் செல்வந்தர்கள் ஆடம்பரத்தில் மூழ்கியதால் சிறைப்பட்டுப் போனார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இந்த முடிவு தீர்க்கதரிசியின் குற்றச்சாட்டில் பாதியை விட்டுவிடுகிறது.

ஆமோஸ் நூலின் ஆறாம் அதிகாரத்தில் தந்தக் கட்டில்கள், தொழுவத்துக் கன்றுகள், பெரிய பாத்திரங்களில் மது, சிறந்த தைலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும் ஆமோஸ், இத்தனையையும் அனுபவிக்கிறவர்கள் யோசேப்புக்கு, அதாவது தங்கள் சொந்த வட இஸ்ரவேல் மக்களுக்கு, நேரிட்ட கேட்டைக் குறித்துக் கவலைப்படவில்லை என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறார். 'ஆகையால்' என்று தண்டனை தொடங்குவது அதற்கு அடுத்த வசனத்தில்தான்.

அந்தக் கேடு எது என்பதை முந்தைய அதிகாரங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. ஒரு ஜோடு பாதரட்சைக்காக எளியவன் விற்கப்பட்டான். நீதி வழங்க வேண்டிய ஊர் வாசலில் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஏழையின் வழக்கைப் புரட்டினார்கள். அடகாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அப்படிப்பட்ட ஆடைகளையே பலிபீடங்களின் அருகில் விரித்துப் படுத்தார்கள். கட்டுரையில் இந்த ஒரு காட்சியாவது இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆமோஸ் மிகைப்படுத்தவும் இல்லை. 1930களில் சமாரியாவில் நடந்த அகழாய்வில், அரண்மனைப் பகுதியிலிருந்து செதுக்கு வேலைப்பாடுள்ள தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதற்கு முன்பே, 1910ஆம் ஆண்டில், அங்கே கிடைத்த மை எழுத்துள்ள பானை ஓடுகளில், சுற்றுவட்டாரங்களிலிருந்து தலைநகருக்கு வந்த பழைய திராட்சரசமும் எண்ணெயும் ஜாடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கின்றன. கிராமத்து விளைச்சல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த வழியை இன்றும் அந்த ஓடுகளில் படிக்கலாம்.

ஆமோஸ் பேசியது வட இஸ்ரவேலின் இரண்டாம் எரொபெயாம் அரசனின் நாட்களில். வடக்கே ஆமாத்தின் எல்லை முதல் தெற்கே உப்புக்கடல் (சாக்கடல்) வரை இழந்த எல்லைகள் மீட்கப்பட்டிருந்தன. அன்றைய வல்லரசான அசீரியாவின் கை தளர்ந்திருந்தது. தெக்கோவாவிலிருந்து வந்த ஒரு மேய்ப்பன், காட்டத்திப் பழம் பறிக்கிறவன், ஆகிய ஆமோஸ் அப்போது சொன்னதை நம்ப யாருக்கும் மனமில்லை; பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா அவரைத் தெற்கு அரசான யூதாவுக்கு ஓடிப்போகச் சொன்னான். சில பத்தாண்டுகளுக்குள், கி.மு. 722 வாக்கில், சமாரியா விழுந்தது. அங்கிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசீரிய அரசன் சர்கோனின் கல்வெட்டு கூறுகிறது. 'ஜாதிகளில் முந்தின ஜாதி' என்று பெருமை பேசியவர்களே சிறைப்பட்டுப் போகிறவர்களின் முன்னணியிலும் நடப்பார்கள் என்று ஆமோஸ் முன்பே சொல்லியிருந்தார்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் மூன்றாண்டுக்கு ஒருமுறை இந்த ஆறாம் அதிகாரப் பகுதி, லூக்கா நற்செய்தியின் செல்வந்தனும் லாசருவும் உவமையோடு சேர்த்து வாசிக்கப்படுவது மிகப் பொருத்தமானது. அந்தச் செல்வந்தன் லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. தன் வாசலில் புண்களோடு கிடந்தவனுக்கு அவன் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கட்டுரையாளர் இத்தொடரைத் தொடர்வாரானால், ஆமோஸின் 2, 5, 8ஆம் அதிகாரங்களையும் இதனோடு சேர்த்து எழுதும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்