பிளந்த பலகையும் உன் அப்பாவின் இழைப்புளியும்

அன்புள்ள நிதானம்,

நலம், நலமறிய அவா. உன் கடிதத்துக்கு ஏழு மாதங்களாகப் பதில் போடாததற்கு வேலைப்பளு, உடல்நிலை என்று எதையும் சாக்குச் சொல்லப் போவதில்லை. உண்மையான காரணம் வெட்கம். என் கணினி மேசையின் மேற்பலகை பிளந்துவிட்டது. "மரம் அறைக்குப் பழகட்டும், அவசரக்குடுக்கை" என்று நீ முன்கூட்டியே எழுதியிருந்த பிறகு, அந்தச் செய்தியை எந்த முகத்தோடு உனக்கு எழுதுவேன்?

நடந்ததைச் சொல்கிறேன்; சிரித்து முடித்துவிட்டு மேலே படி. தேக்குப் பலகைகள் நான்கைப் பக்கவாட்டில் ஒட்டி, 150 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமுமாக மேற்பலகையைச் செய்தேன். இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து ஆறு வாரமாவது அறையிலேயே அடுக்கி வைக்கும்படி நீ சொல்லியிருந்தாய். ஆறு நாள் வைத்தேன். பிறகு கால்களை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்களிலும் பசையைத் தாராளமாகத் தடவி, சட்டத்துக்கு ஆறு திருகாணிகள் வீதம் முடுக்கினேன். முன்பு நான் செய்த முக்காலிக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். அன்று அந்த முக்காலியில் உட்கார்ந்தவர் இன்றுவரை என்னைப் பார்த்தால் நின்றுகொண்டேதான் பேசுகிறார்.

மூன்று மாதம் கழித்து, ஒருநாள் நள்ளிரவில் 'பட்' என்று ஓர் ஓசை கேட்டது. திரைதான் கீழே விழுந்துவிட்டதென்று ஓடிப்போய் விளக்கைப் போட்டால், எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தன. விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வலது ஓரத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு பிளவு, வாயில் சரியாக ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அகலம். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் பசை விட்டிருந்தால் பசையைத் திட்டியிருப்பேன். ஒட்டு அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் மரமே பிளந்திருந்தது.

ஈரமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். குளிரூட்டிய அறையில் இருந்த மேற்பலகை 10 சதவீதம் காட்டியது. அதே மரத்தில் மிஞ்சி, வெளியே கிடந்த துண்டு 16 காட்டியது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, விட்டுச் சுருங்குகிறது. அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் அசைவது, மையத்திலிருந்து வெளிநோக்கி அசைவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் பலகைகளோ அந்த மோசமான போக்கில் அறுக்கப்பட்டவை. 70 செ.மீ. அகலத்தில் ஐந்தாறு மில்லிமீட்டராவது உள்ளே இழுத்துக்கொள்ள அந்தப் பலகை விரும்பியிருக்கிறது. கீழே இருந்த சட்டங்களோ நீளவாக்கில் நார் ஓடுபவை, ஆகையால் அவை ஒரு இம்மிகூடச் சுருங்கவில்லை. பசையும் பன்னிரண்டு திருகாணிகளுமாக நான் அதைக் கட்டிப்போட்டிருந்தேன். அதற்கு வேறு வழி ஏது? இதையெல்லாம் நாம் 'மில்லிமீட்டர்' என்று அழைத்த வாத்தியார் நமக்குப் பதினாறு வயதிலேயே சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இனி நான் சொல்லப்போவது, பலகை பிளந்ததைவிடப் பெரிய குற்றம். பிளவின் வழியே பலகையை முழு நீளத்துக்கும் அறுத்து, இரண்டு விளிம்புகளையும் இழைத்து, மறுபடி ஒட்டுவதென்று முடிவு செய்தேன். மின்சார இழைப்புப் பொறியை வைத்தால், நார் திரும்பும் இடங்களில் அது மரத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டது. நான் செய்யும் கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக வைப்பதற்காகவே நீ எனக்குக் கொடுத்தனுப்பிய உன் அப்பாவின் இழைப்புளி, துணி சுற்றியபடி அலமாரியின் மேல்தட்டுக்காகக் காத்திருந்தது. அதை எடுத்துவிட்டேன். அலகைக் கல்லில் அரை மணி நேரம் தீட்டினேன். முதல் நான்கு இழைப்பிலும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதில், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அறுபடாமல் ஒரே சுருள் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் தெரிந்தன. கட்டையின் இடப்பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பள்ளம் இருக்கிறதே, அதில் என் விரல் பொருந்தவில்லை. என் கை சிறியது. ஆனாலும் விரலை வேறெங்கும் வைக்க முடியாதபடி அந்தப் பள்ளமே அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. அன்று மாலை நெடுநேரம் வேலை ஓடவில்லை.

ஆக, மேசையின் அகலம் இப்போது 69 செ.மீ. இம்முறை பசையும் இல்லை, முடுக்கும் இல்லை. சட்டங்களின் உட்புறத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, நாக்கு வைத்த சிறு மரக்கட்டைகளை அதில் செருகி, அந்தக் கட்டைகளை மட்டும் மேற்பலகையோடு திருகியிருக்கிறேன். முன்விளிம்பு நிலையாக நிற்கும். பலகை பின்புறமாக எவ்வளவு வேண்டுமானாலும் வந்துபோகட்டும். உயரம் 75 செ.மீ. உன்னைப் போன்ற பனைமரங்களுக்கு அது சரி. எனக்குத் தோள் தூக்கிக்கொள்கிறது என்பதால், விசைப்பலகைக்கு 66 செ.மீ. உயரத்தில் தனித்தட்டு ஒன்றை இழுவையாக வைத்தேன். கணினிப் பெட்டியைக் கதவு போட்ட அறைக்குள் அழகாக ஒளித்து வைத்ததும் அரைமணியில் காலடியில் யாரோ மூச்சிரைப்பது போல் விசிறி இரைந்தது. கீழே முன்புறமும் மேலே பின்புறமும் காற்றுவழி திறந்துவிட்ட பிறகு அடங்கிவிட்டது.

அலமாரியில் முதலில் 90 செ.மீ. நீளத்துக்கு ஒரே தட்டாகப் போட நினைத்திருந்தேன். எடை மாறாமல் நீளம் மட்டும் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு (ஆம், முன்கூட்டியே கணக்குப் போட்டேன், குறித்துக்கொள்), நடுவில் தடுப்பு வைத்து 45 செ.மீ. அறைகளாகப் பிரித்தேன். மேலிரண்டு தட்டுகளும் 8 மி.மீ. கண்ணாடி. தட்டு ஒவ்வொன்றும் 30 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 2.7 கிலோ இருக்கும். கடினப்படுத்திய கண்ணாடி என்பதால், செய்து வந்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு முதலிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

உன்னிடம் கேட்க வேண்டியது இங்கேதான் வருகிறது. இழைப்புளிக்கான அறை காலியாக இருக்கிறது. இழைப்புளி என் பட்டறை மேசையில் கிடக்கிறது. தினமும் சுருள் தள்ளுகிறது. நீ திருப்பிக் கேட்டால் மறுபேச்சின்றி அனுப்பிவிடுவேன். ஆனால் கண்ணாடிக்குள் வைக்க மட்டும் சொல்லாதே, என்னால் முடியாது. அதற்குப் பதிலாக, நாம் இருவரும் செய்து, ஒருநாளும் பாடாத அந்த வானொலியைக் கொடு. அதன் பெட்டியில் நான் கோணலாக ஒட்டிய மூலையை மறைக்காமல் பார்வைக்கு வைக்கிறேன். உயரத்தையும், குமிழ்களோடு சேர்த்து ஆழத்தையும் அளந்து எழுது. உங்கள் வீட்டு வழக்கப்படி நூல் கணக்கில் எழுதினாலும் பரவாயில்லை. உன் பதில் வரும்வரை கண்ணாடிக்குச் சொல்ல மாட்டேன், தட்டு நிறுத்தும் துளை ஒன்றுகூடப் போட மாட்டேன்.

உன்,
அவசரக்குடுக்கை