தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஊர் வரலாற்று நாடகம் நிகழ்த்த அனுமதி வேண்டி மனு

அனுப்புநர்:
பொதுமக்கள், ஆசிரியர்கள், நாடகக் கலைஞர்கள்,
தரங்கம்பாடி, பொறையாறு வட்டாரம்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் துறையின் பராமரிப்பில் உள்ள எங்கள் ஊர்க் கோட்டை முற்றத்தில், சனிக்கிழமை மாலைகளில் பார்வையாளர்களும் பங்கேற்கும் வரலாற்று நாடகம் நடத்த அனுமதி கோருகிறோம்.

கோட்டைக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பீங்கான்களையும் ஆவணங்களையும் பார்த்துவிட்டு, நேரே கடலுக்கு ஓடிவிடுகிறார்கள். பொருள்களைக் குறை சொல்லவில்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிப் பேச அங்கே ஆள் இல்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

பேச எவ்வளவோ இருக்கிறது. 1620இல் டென்மார்க் கப்பற்படைத் தலைவர் ஓவ கெட்டே தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் வந்து இடம் கேட்ட காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களே நாயக்கர் சபையாக உட்காருவார்கள். இடம் கொடுக்கலாமா, வரி எவ்வளவு கேட்கலாம், மீன்பிடிப்பவர்கள் கதி என்ன என்று அவர்களே கேள்வி கேட்க வேண்டும். கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த வழிமுறை நமக்குப் புதிதல்ல.

எங்கள் மனசுக்கு மிக நெருக்கமானது ஜெர்மானியக் கிறிஸ்தவ மறைபணியாளர் சீகன்பால்குவின் கதை. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் அவர். கடன் வழக்கு ஒன்றில் ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியதை ஒட்டி, 1708இல் ஆளுநர் ஹாசியஸ் அவரை இதே கோட்டையில் சுமார் நான்கு மாதம் அடைத்துவைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் அமைத்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வந்தது. அந்த வழக்கை முற்றத்தில் மறுபடி நடத்தி, விதவையின் பக்கமும் ஆளுநரின் பக்கமும் பார்வையாளர்களைப் பேசவைக்க விரும்புகிறோம். விதவையின் குரல் ஏடுகளில் மிகக் குறைவாகவே பதிவாகியிருப்பதால், அந்தப் பாத்திரத்தை எங்கள் ஊர்ப் பெண்களே எழுதி நடிக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றபோது இங்கிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதும் ஒரு காட்சி.

2004 சுனாமியை மட்டும் நடிக்க மாட்டோம். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்கள் முன்வந்து சொன்னால், உட்கார்ந்து கேட்போம், அவ்வளவே.

கோட்டைச் சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், மேடை போட மாட்டோம், ஒலிபெருக்கி வேண்டாம். ஒவ்வொரு காட்சியின் எழுத்துப்படியையும் தங்கள் துறை அலுவலர்கள் பார்த்துச் சரி செய்த பிறகே நடிப்போம். ஊகம் எது, ஆவணத்தில் உள்ளது எது என்பதைக் கட்டியங்காரன் வாயாலேயே சொல்லிவிடுவோம்.

எனவே, முதலில் மூன்று மாதத்துக்குச் சோதனை முறையில் அனுமதி வழங்கவும், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க உதவவும், கூத்துக் கலைஞர்களுக்கு மதிப்பூதியம் கிடைக்கக் கலை பண்பாட்டுத் துறைக்குப் பரிந்துரைக்கவும் பணிவன்புடன் வேண்டுகிறோம். நாள் குறித்துச் சொன்னால், தங்கள் அலுவலர்கள் முன்னிலையில் வழக்குக் காட்சியை நடித்துக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரங்கம்பாடி, பொறையாறு வட்டாரப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மயிலாடுதுறை.