ரத்தம் எடுத்த நாள் எது என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஹார்மோன் பரிசோதனைக்கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவள் நான். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் தங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கும் பெண்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

மாதவிடாயின் முதல் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். அப்போது பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன், சினைப்பையில் சில நுண்ணறைகளை, அதாவது முட்டை வளரும் சிறு பைகளை, வளர்க்கும். அவை வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடி, அவையே சுரக்கும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனோடு சேர்ந்து எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும். பெரும்பாலும் ஒரு நுண்ணறை மட்டும் தாக்குப்பிடித்து முந்திப் போகும். இதுவரை கட்டுரை சொன்னது சரி.

அப்புறம் நடப்பதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான ஈஸ்ட்ராடயால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நீடித்தால், அதுவரை அடக்கிய அதே ஹார்மோன் தூண்டத் தொடங்குகிறது. பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். என்ற மற்றொரு ஹார்மோன் பல மடங்கு பாய்கிறது. பாய்ச்சல் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் நுண்ணறை வெடித்து முட்டை வெளிவருகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் எனக்கு அலுப்பதில்லை. நேரம் வந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்வது அந்த முட்டையை வளர்க்கும் நுண்ணறையேதான்! காலண்டர் பார்த்து எதுவும் நடப்பதில்லை. 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு 21-ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிவந்தால் அதில் குறை ஒன்றுமில்லை. எல்லாருக்கும் 14-ஆம் நாள் என்று எழுதுவதை நிறுத்தலாம்.

எல்.எச். பாயும்போது எஃப்.எஸ்.எச்.சும் கூடவே ஏறும். அந்த நேரத்தில் ரத்தம் கொடுத்த ஒரு பெண், எஃப்.எஸ்.எச். எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அது கூடும் என்பதால், அந்தக் காலம் வந்துவிட்டதோ என்று அழுதுகொண்டே வந்தார். அடுத்த சுழற்சியின் 3-ஆம் நாள் எடுத்துப் பார்த்தோம், இயல்பாக இருந்தது. தலைகீழாகவும் நடக்கும். 3-ஆம் நாளிலேயே ஈஸ்ட்ராடயால் மிகுந்திருந்தால், அது எஃப்.எஸ்.எச்.சை அடக்கி, கூடியிருக்க வேண்டிய எண்ணை இயல்பானதுபோலக் காட்டிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்ப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையிலுள்ள ஹார்மோன்களும் பிட்யூட்டரியை அடக்கும்.

மருத்துவர்கள் பரிசோதனைச் சீட்டில் கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் குறித்து அனுப்ப வேண்டும். பல சீட்டுகளில் அந்த இடம் காலியாகவே வருகிறது. பெண்களும் ரத்தம் கொடுக்கும்போது தேதியைத் தாங்களாகவே சொல்லலாம். உங்கள் மருத்துவப் பக்கம் அந்த மீதிப் பாதியையும் ஒரு தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹார்மோன் பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்