ஸ்பீக்கரும் பெட்டியும் ஒரே வரியில் வரட்டும்

கட்டட உரிமையாளர்களுக்கும், கட்டடக் கலைஞர்களுக்கும், டெண்டர் தயாரிக்கும் மின் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். அலுவலகம், மருத்துவமனை, வணிக வளாகம் என எல்லா இடங்களிலும் ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பீக்கர் பொருத்திப் பராமரிப்பவர்கள் நாங்கள். செலவைக் குறைக்கும் பேச்சு வந்தாலே முதலில் அடிபடுவது ஸ்பீக்கரின் முதுகை மூடும் இரும்புப் பெட்டி, அதாவது பேக் கேன். டெண்டரில் ஸ்பீக்கர் ஒரு வரியாகவும் பெட்டி இன்னொரு வரியாகவும் இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சீலிங்குக்கு மேலே சிமென்ட் தூள், கிளாஸ்வூல் நார், ஏ.சி. காற்றுக் குழாயான டக்டை வெட்டிய தகரத் துகள், எலி எல்லாம் உண்டு. முதுகு திறந்த ஸ்பீக்கரின் காந்தம் இரும்புத் துகளை இழுக்கும். அது காந்த இடுக்கில் புகுந்தால், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலோடு உரசி, ஒலி கரகரக்கும். எலி வயரைக் கடித்து, பல ஸ்பீக்கர்களுக்கும் ஒன்றாக ஓடும் 100 வோல்ட் லைன் ஷார்ட் ஆனால் அந்த ஜோன் முழுவதுமே ஊமையாகிவிடும். இன்னொன்று: ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் தரும் ஒலியைப் பின்பக்கமும் தருகிறது. தடுப்புச் சுவர் சீலிங்கோடு நின்றுவிடும் கட்டடங்களில், ஒரு அறையின் இசை மேல்வழியாக அடுத்த அறைக்குள் இறங்கும்.

‘பேக் கேனுடன்’ என்று மட்டும் எழுதினால் போதாது, கொள்ளளவை லிட்டரில் எழுதுங்கள். ஒரு 8 அங்குல ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு, அதாவது கூம்பு இயல்பாக அதிரும் அளவு, 55 ஹெர்ட்ஸ்; அதன் வி.ஏ.எஸ்., அதாவது கூம்பின் பிடிப்புக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு, 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் பெட்டியில் அடைத்தால், 30-ஐ 10-ஆல் வகுத்து 1 கூட்ட 4. அதன் வர்க்கமூலம் 2. ஒத்ததிர்வு இரு மடங்காகி 110 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 3.75 லிட்டர் பெட்டியானால் மூன்று மடங்காகி 165 ஹெர்ட்ஸ். வெறும் அறிவிப்புக்கு இது பாதகமில்லை. பின்னணி இசைக்கு வாங்கிய ஸ்பீக்கரோ பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வற்றி, டப்பாவுக்குள் பாடுவதுபோல ஒலிக்கும். ஈக்வலைசரில் பேஸைத் தூக்கிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். ஸ்பீக்கரில் உள்ள லைன் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் இனி காந்தம் ஏற முடியாத அளவுக்கு நிறைந்து, ஒலி இன்னும் கெடும்.

தீ விஷயத்தில் இரண்டு பொருள்களைத் தயவுசெய்து குழப்ப வேண்டாம். ஃபயர் டோம் என்பது இரும்பு மூடி. சூடு தாங்கும் செராமிக் டெர்மினலும், சூடேறினால் அறுந்து அந்த ஸ்பீக்கரை லைனிலிருந்து பிரிக்கும் தெர்மல் ஃபியூஸும் அதனோடு சேர்ந்து வேலை செய்பவை. ஒரு ஸ்பீக்கர் எரிந்தாலும் லைன் ஷார்ட் ஆகாமல் மற்றவை பேச வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் தீத்தடுப்பு நேரம் குறிப்பிடப்பட்ட சீலிங்கில் ஸ்பீக்கருக்காக ஓட்டை போட்டால் அந்தத் தடுப்பு அங்கே உடைந்துபோகிறது. அதை மீட்க, சூட்டில் உப்பி ஓட்டையை அடைக்கும் இன்டியூமெசன்ட் உறை, அந்த வகை சீலிங்கோடு சோதிக்கப்பட்டதாக, தனியாக வேண்டும். இரும்பு டோம் அந்த வேலையைச் செய்யாது. எச்சரிக்கைக் குரல் ஸ்பீக்கருக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 54-24 சான்றிதழ் டோமோடு சோதித்துப் பெற்றதானால், டோம் இல்லாமல் அது செல்லாது. சீலிங்குக்கு மேலுள்ள இடமே ஏ.சி. காற்று திரும்பும் வழியாக இருந்தால், தீயில் வெளிவிடும் வெப்பத்தையும் புகையையும் அளக்கும் யூ.எல். 2043 சோதனை பெற்ற பொருளா என்றும் கேளுங்கள்.

எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 600-க்கு 600 மி.மீ. மினரல் ஃபைபர் டைல், பெட்டியோடு சேர்ந்த ஸ்பீக்கரைத் தனியே தாங்காது. ஈரம் ஏறினால் தொய்ந்துவிடும். டைல்களைத் தாங்கும் உலோகச் சட்டமான டி-கிரிட்டின் இரு பக்கமும் உட்கார்ந்து எடையைச் சட்டத்துக்கு மாற்றும் டைல் பிரிட்ஜ் கட்டாயம். அதற்கு மேல், பெட்டியிலிருந்து கான்கிரீட் ஸ்லாபில் அடித்த ஆங்கர் போல்ட் வரை ஒரு எஃகுக் கயிறு. அதை கிரிட் கம்பியிலோ டக்டிலோ கட்டினால் பயனில்லை, சீலிங் விழும்போது சேர்ந்தே விழும். கயிற்றில் தொய்வு குறைவாக இருக்க வேண்டும்; நீளமாக விட்டால் விழும் வேகத்தில் ஆங்கரே பிடுங்கிக்கொண்டு வரும்.

வயர் நுழையும் துளைக்கு, வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் கிளாண்ட் போடுங்கள். தட்டித் திறக்கும் நாக்-அவுட் துளையைத் திறந்தே விட்டால் பேஸில் ஊளையிடும், கூர்மையான தகர விளிம்பு இன்சுலேஷனை அறுக்கும். உள்ளே தளர்வாகக் கிடக்கும் வயர் தகரத்தில் தட்டி அதிரும், கேபிள் டையால் கட்டிவிடுங்கள். குளிர்ந்த டக்டை ஒட்டிப் பெட்டியை வைத்தால் தகரம் வியர்த்துக் கூம்பு பூசணம் பிடிக்கும்.

ஸ்பீக்கர் எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் டேப் ஸ்விட்ச் பல மாடல்களில் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது, மூடுமுன் வைத்துவிட வேண்டும். 6 வாட் டேப்பில் 40 ஸ்பீக்கர் என்றால் மொத்தம் 240 வாட். 100 வோல்ட் லைனில் 100-இன் வர்க்கமான 10,000-ஐ 240-ஆல் வகுத்தால், லைனின் இம்பீடன்ஸ், அதாவது ஏ.சி. மின்னோட்டத்துக்கான தடை, சுமார் 42 ஓம் வர வேண்டும். 30-க்கு இறங்கினால் சில டேப் கூடுதலில் நிற்கலாம். 60-க்கு ஏறினால் வழியில் எங்கோ லைன் அறுந்திருக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் டி.சி. தடையைத்தான் காட்டும், 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் இம்பீடன்ஸ் மீட்டர் வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷனையும் பாருங்கள். வயர் ஏதாவது பெட்டியில் நசுங்கித் தகரத்தைத் தொட்டிருந்தால் இந்த அளவில் தெரியவரும்.

ஆகவே அடுத்த டெண்டரில் ஸ்பீக்கர், லிட்டர் குறித்த பெட்டி, டைல் பிரிட்ஜ், கயிறு, கிளாண்ட் எல்லாம் ஒரே வரியில், ஒரே விலையில் வரட்டும். இம்பீடன்ஸ் அளவும் ஆங்கரின் புகைப்படமும் கையில் வராமல் சீலிங்கை மூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
சீலிங் ஸ்பீக்கர் பொருத்துநர்கள், பராமரிப்பாளர்கள்