குறும்படம் எடுத்த ஆண்டு: காசிமேட்டுப் படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் குறும்பட நடிகர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பு, நூலகம், பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது. இந்த ஆண்டு புதிதாகச் செய்த குறும்படத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

ஓவியர் வின்சென்ட் வான் கோ 1885-இல் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் வரைந்தது 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. தாழ்ந்த கூரை, தொங்கும் ஒரே ஒரு எண்ணெய் விளக்கு, மேசையைச் சுற்றி ஐந்து பேர். நிலத்தைக் கொத்திய அதே கைகள்தான் இந்தத் தட்டுக்குள் போகின்றன என்று தம்பி தியோவுக்கு அவர் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் மாலை வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "இது நம்ம வீட்டு ராச்சாப்பாடுதானே சார்" என்றாள். அந்த ஓவியத்தை நம் வீட்டு ராச்சாப்பாடாக மாற்றி எடுக்கும் குறும்படம் அங்கே பிறந்தது. வடசென்னை என்றாலே கத்தியைத் தூக்குகிறது சினிமா. நம் வீட்டுச் சோற்றுத்தட்டு அதன் கண்ணில் படுவது அபூர்வம். இந்த ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படப்பிடிப்பை வைத்துக்கொண்டோம். பகலில் வலை வேலை, படகு வேலை இருந்தாலும் ராத்திரி எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். தட்டில் கிழங்கா, கஞ்சியா என்று பெரிய விவாதம். நடிக்க வந்த பாட்டி, "அவங்க மண்ணுல விளைஞ்சத அவங்க தின்னாங்க, நம்மளத நாம தின்னுவோம்" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. சுடுகஞ்சியும் நெத்திலிக் கருவாடும் வந்தன.

வெளிச்சம்தான் படுத்தியெடுத்தது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, தலைக்குச் சற்று மேலே ஒரு மஞ்சள் பல்பு தொங்கவிட்டோம். யாராவது கையை நீட்டினால் போதும், செல்போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். எக்ஸ்போஷரை லாக் செய்த பிறகுதான் அடங்கியது. முகங்கள் இருட்டில் போகாமலிருக்க, சட்டகத்துக்கு வெளியே வெள்ளைத் தெர்மாகோலைச் சாய்த்து வைத்தோம். ஓவியத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்பாள். அவளைச் சுற்றி ஆவி பளிச்சென்று தெரியும். நம் பிள்ளையையும் விளக்கை மறைத்தபடி நிறுத்தியதும் கஞ்சியின் ஆவி அப்படியே எழுந்து வந்தது. படம் முழுக்க முகமே காட்டாமல் நடித்த அந்தப் பிள்ளைக்குச் சபை பலமாகக் கைதட்ட வேண்டும்.

வலை ஊசி பிடித்துத் தழும்பேறிய தாத்தாவின் விரல்கள் கருவாட்டைப் பிய்த்துப் பேத்தி தட்டில் வைக்கிற இடம் எனக்குப் படத்தின் உயிர். முகங்களை முடித்த பிறகும், தோலுரிக்காத, மண் ஒட்டிய கிழங்கின் நிறத்தில் அவற்றை வான் கோ திரும்பத் தீட்டினார். எடிட்டிங்கில் நாமும் நிறம் மாற்றலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. வெயிலும் உப்புக்காற்றும் தீட்டிய நிறம் நம்மவர்களுக்கு இருக்கிறது, அதன்மேல் இன்னொன்று எதற்கு?

ஓவியர் இறந்தது 1890-இல். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, எனவே சிக்கல் கிடையாது. கேட்ட உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டும் ஒரு படம் எடுக்கவும், ஒரு ட்ரைபாடும் மைக்கும் வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார்.

செயலாளர்